பாவும் ஊடையும்: இசைக்காணொலி உருவாகும் முறை

நுழையும்முன்

திறன்பேசி வந்த பின் படம் எடுப்பது எளிதாகிவிட்டது. ஆயினும், எடுத்த படங்களையெல்லாம் ஒரு பாடலோடு ஒட்டிவிட்டால் அது இசைக்காணொலி ஆகிவிடுவதில்லை. தறியில் பாவு முதலில் நீட்டப்படுகிறது. பிறகே ஊடை அதனுள் ஓடுகிறது. இசைக்காணொலியில் பாடலே பாவு, காட்சிகளே ஊடை. நெசவுக்குப் பெயர்பெற்ற சேலம் அம்மாபேட்டையின் மாணவர் குழு ஒன்று தன் தெருவைப் பற்றி ஓர் இசைக்காணொலி எடுக்க முனைந்தால், அது செய்ய வேண்டுவன யாவை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாடலும் காட்சியும்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியபோதே பாடவும் தொடங்கிவிட்டது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் உரையாடலோடு பாடல்களும் நிறைந்திருந்தன. அக்காலத்தில் நடிகர்கள் படப்பிடிப்புக் கருவியின் முன் நின்று தம் சொந்தக் குரலிலேயே பாடினர். பக்கவாத்தியக்காரர்கள் கருவியின் பார்வையில் படாதவாறு ஒதுங்கியிருந்து வாசித்தனர். ஒலிவாங்கியை விட்டு விலகினால் குரல் சரியாகப் பதிவாகாது. ஆதலால், பாடுபவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. ஒரு சொல் தவறினாலும் எடுத்ததை மீண்டும் எடுக்க நேர்ந்தது.

1935ஆம் ஆண்டு கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ரா’ என்னும் வங்கப்படம் இந்நிலையை மாற்றியது. பாடல் முதலில் தனியே பதிவு செய்யப்பட்டது. பிறகு அதை ஒலிக்கச் செய்து, நடிகர்களை வாயசைக்க வைத்துக் காட்சி எடுக்கப்பட்டது. தமிழில் ஏவி. மெய்யப்பர் 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாடலைக் கையாண்டார். அதன்பின் ஒலி வேறு, காட்சி வேறு எனப் பிரிந்தன. ஒரு பாடலின் முதலடியை ஆற்றங்கரையிலும் அடுத்த அடியை மலையுச்சியிலும் எடுக்க முடிந்தது.

இன்று மாணவர்கள் எடுக்கும் இசைக்காணொலிக்கும் அடிப்படை இதுவே. பாடல் முதலில் முழுமையாகப் பதிவாகிவிடுகிறது. அதன் நீளம் ஒரு நொடிகூட மாறாது. அந்த அளவுக்குள் காட்சிகளை அமைத்துக் கொடுப்பதே படக்குழுவின் பணியாகும்.

திரைப்படத்திற்கு வெளியே பாடற்காட்சி தனித்து நிற்கவும் கற்றுக்கொண்டது. சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சி திரைப்பாடல்களைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1981இல் பாடற்காட்சிகளுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தோன்றியது. இணையம் பரவிய பின், திரைப்படத்தோடு தொடர்பே இல்லாத பாடல்களும் காணொலி வடிவில் வெளிவரலாயின. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளியிட்ட ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தின் சீர்கேட்டை அங்கேயே எடுக்கப்பட்ட காட்சிகளின் வழியே நாடறியச் செய்தது. தன் இடத்தின் வாழ்வைத் தானே சொல்ல ஓர் ஊருக்கு இசைக்காணொலி துணையாகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

சேலம் காட்டிய வழி

சேலத்து மாணவர்களுக்குத் திரைக்கலையின் முன்னோடிகள் தொலைவில் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. அந்நிறுவனத்தை உருவாக்கியவர் திருச்செங்கோடு டி.ஆர். சுந்தரம். இவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். நெசவு கற்றவர் படத்தொழிலில் இறங்கியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், கணக்கும் ஒழுங்கும் இரண்டுக்கும் பொது. குறித்த நேரத்தில் வேலை தொடங்குவதிலும், வகுத்த செலவுக்குள் படத்தை முடிப்பதிலும் அவர் காட்டிய கண்டிப்பு திரையுலகில் பேசப்பட்டது.

1937இல் ‘சதி அகல்யா’ தொடங்கி அந்நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கியது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் இந்நிறுவனத் தயாரிப்பாகவே வெளிவந்தது. 1940இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் பெயரைப் பெற்றது.

இரட்டை வேடக் காட்சி அக்காலத்தில் எடுக்கப்பட்ட முறை, திட்டமிடலின் தேவையை நன்கு உணர்த்தும். கருவியின் முன் பாதியை மறைத்துவிட்டு, நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம்பிடிப்பர். பிறகு அதே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மறுபக்கம் மாற்றி, அவரையே வேறுடையில் மறுபக்கம் நிறுத்தி மீண்டும் எடுப்பர். கருவி இம்மியும் அசையக் கூடாது. முதன்முறை கேட்ட கேள்விக்கு இரண்டாம் முறை சொல்லும் மறுமொழி குறித்த நொடியில் வர வேண்டும். தவறினால் சுருள் முழுவதும் வீண். படப்பிடிப்புத் தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கணக்கிட்டு முடிக்கப்பட்ட வேலை அது.

பாடலைத் திட்டமிடுவதற்கும் அந்நிறுவனத்தின் படங்களில் பாடம் உண்டு. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’யில் கணவன் தன் மனைவியைக் கொல்லும் எண்ணத்தோடு மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அப்போது வரும் பாடலைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியுள்ளனர். இசை இனிமையாக ஒலிக்க, கால்கள் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கின்றன. பாடல் முடியும்போது கதை வேறோர் இடத்திற்கு வந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே முடிவிலும் நின்றுவிடாமல், பார்ப்பவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துவதே நல்ல பாடற்காட்சியின் இலக்கணம்.

பாடலைத் தேர்தல்

இசைக்காணொலியின் முதல் முடிவு பாடலைப் பற்றியது. விருப்பமான திரைப்பாடல் ஒன்றை எடுத்து அதற்குக் காட்சி அமைத்துவிடலாம் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு. அதில் உரிமைச் சிக்கல் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாடலில் வெவ்வேறு உரிமைகள் அடங்கியுள்ளன. பாடல் வரிகளுக்கு ஓர் உரிமை; இசையமைப்புக்கு ஓர் உரிமை; அவை பதிவான ஒலிவடிவுக்கு மற்றோர் உரிமை. வரிகளுக்கும் இசைக்குமான உரிமை, படைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு செய்த ஒலிக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

பாரதியார் பாடல்களை அரசு 1949இல் நாட்டுடைமையாக்கியது. ஆகவே, அவற்றைப் பாடவும் புதிய மெட்டமைக்கவும் எவர்க்கும் உரிமை உண்டு. ஆயினும், அதே பாடலுக்கு அண்மைக் காலத்தில் ஒருவர் மெட்டமைத்துப் பதிவு செய்திருந்தால், அந்த ஒலிப்பதிவை இசைவின்றிப் பயன்படுத்த இயலாது. மாணவர்கள் தாமே மெட்டமைத்துத் தாமே பாடினால் எந்தத் தடையும் இல்லை.

இன்னும் சிறந்த வழி, சொந்தப் பாடல் ஒன்றை எழுதுவது. அம்மாபேட்டையில் தாளத்திற்குப் பஞ்சமில்லை. குழித்தறியின் முன் சற்று நேரம் செவிகொடுத்தால் மூவகை ஓசைகள் கேட்கும். கால் மிதியை அழுத்தும் ஓசை, நாடா குறுக்கே பாயும் ஓசை, அச்சுப்பலகை ஊடையை நெருக்கி அடிக்கும் ஓசை ஆகியன அவை. இம்மூன்றும் மாறாத வரிசையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவற்றைப் பதிவு செய்து, அந்தத் தாளத்தின் மேல் வரிகளை எழுதலாம். பாடலின் அடித்தளமே தறியாகிவிட்டால் காட்சியும் ஒலியும் தனித்தனியே நிற்காது.

திட்டமிடல்

பாடல் பதிவானதும் அதன் காலத்தை அளந்து பிரிக்க வேண்டும். 3 நிமிடம் 20 நொடி, அதாவது 200 நொடி ஓடும் பாடலைக் கீழ்க்காணுமாறு பகுக்கலாம்.

முன்னிசை – 20 நொடி – விடியற்காலைத் தெரு, திறக்கும் கதவுகள்
பல்லவி – 40 நொடி – தறிமேடையில் அமரும் நெசவாளர், முதல் மிதி
இடையிசை – 20 நொடி – தார் சுற்றும் முதிய கைகள்
முதற்சரணம் – 40 நொடி – பட்டு நூல் சாயத்தொட்டியிலிருந்து தறிக்கு வரும் வழி
இடையிசை – 20 நொடி – பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், பின்னணியில் தறியோசை
இரண்டாம் சரணம் – 40 நொடி – ஓடும் விசைத்தறி, ஆளில்லாத கைத்தறி
நிறைவுப் பல்லவி – 20 நொடி – தறியிலிருந்து அறுத்தெடுக்கப்படும் வெண்பட்டு

இப்பட்டியலைப் பார்த்தவுடன் காணொலியின் கருத்து விளங்கிவிடுகிறது. எந்தப் பகுதிக்குக் காட்சி போதாது என்பதும் தெரிந்துவிடுகிறது. அடுத்து, ஒவ்வொரு காட்சித்துண்டையும் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஓவியத்திறன் தேவையில்லை, குச்சி மனிதர்கள் போதும். கருவி எங்கே இருக்கிறது, ஆள் எத்திசை பார்க்கிறார், முகம் மட்டும் தெரிகிறதா முழு உருவமும் தெரிகிறதா என்பவை விளங்கினால் போதுமானது. ஒரு துண்டு சராசரியாக 4 நொடி ஓடும் எனக் கொண்டால், 200 நொடிக்கு 50 துண்டுகள் வேண்டும். வாயைச் சொன்னபடி திறந்து பாட ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதற்காக அவர் முகத்தையே 200 நொடியும் காட்ட முடியாது என்பதை இக்கணக்கே உணர்த்திவிடும்.

வரைந்த துண்டுகளைப் பாடலின் வரிசைப்படி எடுக்க வேண்டுவதில்லை. இடவரிசைப்படி எடுக்க வேண்டும். ஒரு தறிவீட்டில் எடுக்க வேண்டிய துண்டுகள் பாடலின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வந்தாலும் அவை அனைத்தையும் ஒரே வருகையில் முடித்துவிடுவதே முறை. குமரகிரி மலையிலிருந்து நகரைக் காட்டும் துண்டு இருப்பின், வெளிச்சம் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ அதற்கெனத் தனிநேரம் ஒதுக்க வேண்டும்.

இடவரிசை என்பது வசதிக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. நெசவாளர் பெரும்பாலும் நெய்து முடிக்கும் துணிக்கு ஏற்பக் கூலி பெறுபவர். தறி நின்றால் அவருடைய வருமானமும் நின்றுவிடுகிறது. “அண்ணா, இன்னும் ஒருமுறை” என்று மாணவர்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய நேரம் கழிகிறது. படக்குழு தன் மறதிக்காக இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வந்து நின்றால், அதற்குரிய விலையைக் கொடுப்பவர் அவர்தான். திட்டமிடல் என்பது பிறர் உழைப்புக்குக் காட்டும் மரியாதை. அதனால்தான், படம் எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும் என்கின்றனர் அனுபவமுள்ளோர்.

இசைவு பெறுதலும் திட்டத்தின் ஒரு பகுதியே. தறிவீட்டாரிடம் கருவியின்றி முதலில் சென்று, எதை எடுக்கவிருக்கிறோம், எவ்வளவு நேரமாகும், எங்கே வெளியிடப்போகிறோம் என்பவற்றைச் சொல்ல வேண்டும். தறியை நிறுத்தாமலே எடுக்கக்கூடிய துண்டுகள் எவை, நிறுத்தியே தீர வேண்டியவை எவை என்பதை அவரிடமே கேட்டறியலாம். கோயிலிலும் பொதுச்சாலையிலும் எடுப்பதற்குப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடு உரியவர்களை அணுக வேண்டும். குழந்தைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம்.

படப்பிடிப்பு

படப்பிடிப்பு நாளில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். இயக்குபவர், படம்பிடிப்பவர், பாடலை ஒலிக்கச் செய்பவர், எடுத்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுபவர், வெளிச்சம் பார்ப்பவர் என ஐவர் போதும். எல்லோரும் எல்லாவற்றையும் செய்யும் குழுவில் எவரும் எதையும் செய்வதில்லை.

திறன்பேசியைக் கிடைமட்டமாகப் பிடிப்பதா, நெடுக்காகப் பிடிப்பதா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்ய வேண்டும். பள்ளி விழாத் திரையில் காட்டுவதாயின் கிடைமட்டமே ஏற்றது. இடையில் மாற்றினால் தொகுக்கும்போது படத்தின் பெரும்பகுதியை வெட்ட நேரும். கருவியை முக்காலியில் பொருத்துவது நல்லது. முக்காலி இல்லையெனில் சுவரோடு சாய்ந்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துப் பிடிக்கலாம்.

பாடுபவர் வாயசைக்கும் துண்டுகளை எடுக்கும்போது, பதிவான பாடலை ஒலிபெருக்கியில் உரக்க ஒலிக்கச் செய்ய வேண்டும். அவர் உதட்டை மட்டும் அசைக்காமல் உண்மையாகவே குரலெடுத்துப் பாட வேண்டும். அப்போதுதான் கழுத்து நரம்பும் மூச்சும் பாடலோடு பொருந்தும். திறன்பேசியும் அப்போது ஒலியைப் பதிவு செய்யட்டும். அந்த ஒலி காணொலியில் இடம்பெறாது. ஆயினும், தொகுக்கும்போது காட்சியைப் பாடலோடு பொருத்த அதுவே வழிகாட்டி. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கருவியின் முன் கைதட்டினால், தட்டும் கைகளும் தட்டிய ஓசையும் பொருந்தும் புள்ளி எளிதில் கிட்டும். திரைப்பட நிலையங்களில் கிளாப் பலகை அடிப்பதன் நோக்கம் இதுவே.

ஒரே செயலை மூன்று தொலைவுகளிலிருந்து எடுப்பது தொகுப்பவர்க்குப் பேருதவியாகும். தறியும் அறையும் ஆளும் முழுமையாகத் தெரிவது சேய்மைக் காட்சி. இடுப்புக்கு மேல் உருவம் தெரிவது இடைமைக் காட்சி. நாடாவை இயக்கும் கையோ, நூலைப் பார்க்கும் கண்ணோ மட்டும் தெரிவது அண்மைக் காட்சி. சேய்மைக் காட்சி இடத்தைச் சொல்லும். இடைமைக் காட்சி செயலைச் சொல்லும். அண்மைக் காட்சி உணர்வைச் சொல்லும்.

திசையையும் கவனிக்க வேண்டும். தறியில் எதிரெதிரே இருவர் இருப்பின், அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாகக் கருதிக்கொண்டு, கருவி அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். கோட்டைக் கடந்துவிட்டால், வலப்புறம் பார்த்தவர் அடுத்த துண்டில் இடப்புறம் பார்ப்பார். இருவரும் ஒரே திசை நோக்கி அமர்ந்திருப்பது போன்ற குழப்பம் உண்டாகும்.

தறிவீட்டில் வெளிச்சம் குறைவு. சாளரத்தின் வெளிச்சம் ஆளின் முகத்தில் விழுமாறு கருவியை வைக்க வேண்டும். சாளரத்தை நோக்கிக் கருவியை வைத்தால் ஆள் நிழலுருவாகிவிடுவார். குழல்விளக்கின் ஒளியில் எடுக்கும்போது திரையில் கருநிறப் பட்டைகள் ஓடுவதுண்டு. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளைக் கொண்டது. அதனால் பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. கருவியின் திறப்பு நேரத்தை நொடியில் 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ அமைத்தால் பட்டைகள் மறையும்.

புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டைப் படமெடுக்கும்போது ஒரு தனிச் சிக்கல் எழும். கருவி தானாகவே வெளிச்சத்தைக் கணிக்கும் நிலையில் இருந்தால், பளபளக்கும் வெண்மையைக் கண்டு வெளிச்சம் மிகுதி என்று கருதி, படம் முழுவதையும் இருளாக்கிவிடும். துணி சாம்பல் நிறமாகும். நெய்பவர் முகம் கறுத்துவிடும். திரையில் அவருடைய முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தி, அந்த வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டால் இக்குறை நேராது. துணியைவிட அதை நெய்பவரின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

தெரிந்து தெளிவோம்

பாடற்காட்சிகளில் பாடுபவரின் உடை மெல்ல மிதக்கும். கூந்தல் மெதுவாக அலையும். ஆனால், உதடுகள் மட்டும் பாடலோடு சரியாகப் பொருந்தியிருக்கும். இதன் நுட்பம் எளியது. படப்பிடிப்பின்போது பாடலை இருமடங்கு விரைவில் ஒலிக்கச் செய்வர். பாடுபவரும் அவ்விரைவில் வாயசைப்பார். நொடிக்கு 60 சட்டகம் வீதம் படம்பிடித்து, 30 சட்டகம் வீதம் ஓட்டுவர். அசைவுகள் பாதி விரைவாகக் குறைய, வாயசைப்புப் பாடலின் இயல்பான விரைவுக்கு வந்துவிடும்.

படத்தொகுப்பு

எடுத்தவை அனைத்தையும் முதலில் இரண்டு இடங்களில் படியெடுத்துச் சேமிக்க வேண்டும். அடுத்து, தொகுப்புச் செயலியில் பாடலின் ஒலியைக் காலக்கோட்டில் இட்டு, அதை அசையாதபடி பூட்டிவிட வேண்டும். பாவு இப்போது தறியில் ஏறிவிட்டது. இனி ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய இடத்தில் வைப்பதே வேலை.

இங்கே ஒரு சிறு கணக்கு பயன்படும். பாடலின் தாளம் நிமிடத்திற்கு 90 தட்டுகள் எனக் கொண்டால், ஒரு தட்டுக்கு மூன்றில் இரண்டு நொடியாகிறது. நொடிக்கு 30 சட்டகம் ஓடும் காணொலியில் அது 20 சட்டகம். நான்கு தட்டுகள் கொண்ட ஓர் ஆவர்த்தனத்திற்கு 80 சட்டகம். 200 நொடிப் பாடலில் 300 தட்டுகள், அதாவது 75 ஆவர்த்தனங்கள் உள்ளன. துண்டுகளின் நீளத்தை 20, 40, 80, 160 எனச் சட்டகக் கணக்கில் அமைத்தால் காட்சி மாறும் இடம் தாளத்தின் மீது வந்து விழும்.

ஆயினும், ஒவ்வொரு தட்டுக்கும் காட்சியை மாற்றினால் பார்ப்பவர் சிறிது நேரத்திலேயே களைத்துவிடுவார். பல்லவியில் சற்று விரைவாகவும் சரணத்தில் நின்று நிதானமாகவும் மாற்றுவது ஒரு முறை. அச்சுப்பலகை அடிக்கும் ஓசை வரும் இடத்தில் காட்சியை மாற்றாமல், அச்சுப்பலகை அடிப்பதையே காட்டுவது இன்னும் நல்ல முறை. அப்போது வெட்டு கண்ணுக்குத் தெரியாது. தறியே தாளம் போடுவதாகத் தோன்றும். இரண்டாம் சரணத்தில், ஆளில்லாத கைத்தறியை 10 நொடி அசைவின்றிக் காட்டினால், அந்த அமைதி பல வெட்டுகளைவிட வலிமையாகப் பேசும்.

படத்தொகுப்பின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் உருசிய இயக்குநர் லெவ் குலெஷோவ். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை அவர் உணவுக்கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் ஒருமுறை பசியையும் மறுமுறை துயரத்தையும் கண்டனர். முகம் மாறவில்லை, அருகில் வைத்த காட்சியே பொருளை மாற்றியது.

இவ்வாற்றல் தொகுப்பவர்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது. தேநீர் அருந்திவிட்டுத் திண்ணையில் இளைப்பாறும் முதியவர் ஒருவரின் முகம் பதிவாகியிருக்கலாம். நின்றுபோன தறிக்கு அடுத்து அம்முகத்தை வைத்தால், அவர் வாழ்விழந்து கலங்குவதாகப் பார்ப்பவர் கருதுவார். அதே முகத்தை மணப்பெண்ணின் பட்டுச்சேலைக்கு அடுத்து வைத்தால், தம் கைத்திறனை எண்ணிப் பெருமிதம் கொள்வதாகத் தோன்றும். இரண்டில் எது உண்மை என்பது அவருக்கே தெரியும். நெசவாளரின் வாழ்வில் துன்பமும் உண்டு, பெருமையும் உண்டு. ஒன்றை மட்டும் காட்டுவதற்காக அவர் முகத்தை இரவல் வாங்குவது நேர்மையாகாது. எந்த இடத்தில் தம் முகம் வருகிறது என்பதை அவருக்குக் காட்டிக் கேட்பதே தகும்.

தொகுப்பு முடிந்ததும் துண்டுகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றுபோல் சீராக்க வேண்டும். பாடல் வரிகளைத் திரையின் அடியில் எழுத்துப்பிழையின்றி இடுவது, செவித்திறன் குறைந்தோர்க்கும் காணொலியைக் கொண்டு சேர்க்கும். இறுதியில் பாடியவர், இசைத்தவர், படம்பிடித்தவர் ஆகியோரோடு, தறிவீட்டை ஈந்தவர் பெயரையும் அவர் விரும்பினால் இட வேண்டும்.

முதற்பார்வை

நிறைவுற்ற காணொலியை இணையத்தில் ஏற்றும் முன், அது எந்தத் தெருவில் எடுக்கப்பட்டதோ அந்தத் தெருவில் திரையிட வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றும் ஒளிவீழ்த்தி ஒன்றும் இருந்தால் தெருமுனையே திரையரங்காகும். நூல் சுற்றும் விதத்தைத் தலைகீழாகக் காட்டியிருந்தால் பாட்டி ஒருவர் உடனே சொல்லிவிடுவார். நாடா பாயும் திசையும் தறியோசையும் பொருந்தவில்லை என்றால் பத்து வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். நெசவை நாள்தோறும் பார்ப்பவர்களைவிடக் கூர்மையான திறனாய்வாளர்கள் இக்காணொலிக்கு வாய்க்கமாட்டார்கள். அவர்கள் சுட்டும் பிழைகளைத் திருத்திய பிறகு வெளியிடலாம். வேண்டாம் என்று எவரேனும் சொன்ன காட்சியை நீக்கிவிடலாம்.

விசைத்தறிகள் பெருகிவிட்ட காலத்தில் கைத்தறியின் ஓசை ஒவ்வொரு தெருவாகக் குறைந்துவருகிறது. இன்று எளிதாகக் காணும் ஒரு கையசைவு, இன்னும் சில ஆண்டுகளில் காணக்கிடைக்காமல் போகலாம். மாணவர்கள் எடுக்கும் 200 நொடிக் காணொலி அதைக் காத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தக் கை எவ்வாறு அசைந்தது, எத்தாளத்தில் அசைந்தது என்பதைப் பிழையின்றி வைத்துச் செல்லும். அளந்து திட்டமிட்டு, பொறுமையோடு படம்பிடித்து, நேர்மையோடு தொகுத்தால் மட்டுமே அது கைகூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தொழில் ஒன்றின் ஓசையைப் பதிவு செய்து, ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டுகள் ஒலிக்கின்றன எனக் கணக்கிடுக. அத்தாளத்திற்குப் பொருந்த எட்டு வரிப் பாடல் ஒன்றை எழுதுக.

2. நீங்கள் எழுதிய பாடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குமுரிய நொடிகளையும் காட்சிகளையும் பட்டியலிடுக. அவற்றுள் பத்துத் துண்டுகளைக் கட்டங்களில் வரைக.

3. ஒரே முகத்தின் படத்தை வெவ்வேறு மூன்று படங்களுக்கு அடுத்து வைத்து நண்பர்களுக்குக் காட்டி, அவர்கள் கூறும் பொருளை ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

4. ஒருவருடைய பணியிடத்தில் படமெடுக்க இசைவு வேண்டி அவரிடம் பேச வேண்டியவற்றை உரையாடல் வடிவில் எழுதுக.